ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார்

யாராவது பேசவென்று வந்தால் ராத்தா முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுவார். பிறகு தன் கதிரையைச் சற்றுத் திருப்பி, வந்தவரின் முகத்துக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் அமர்ந்துகொள்வார். அதன்பின் அவர் எழும்புவதில்லை. வந்தவர்தான் எழும்ப வேண்டும். பத்து நிமிடத்தில் எழும்பினாலும் சரி, பின்னேரம் வரை இருந்தாலும் சரி. கீழே ராத்தா போக வேண்டிய பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் புறப்பட்டுப் போவது அறைக்குள் நன்றாகவே கேட்கும். ராத்தாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் எங்கள் நிலையம் இருந்தது. கொழும்பிலுள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் கிளை. கணினி, ஆங்கிலம், முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா என்று வகுப்புகள் நடக்கும். நான் அங்கே எழுதுவினைஞர். மாம்புரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கடைசி அறை வெறுமனே கிடந்ததால் கிழமையில் இரண்டு நாள் அதை ராத்தாவுக்கு இரவலாகக் கொடுத்திருந்தோம்.

யுத்தம் முடிந்த கையோடு, இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வேலை செய்த தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. அவற்றில் ஒன்றில் வேலை செய்த ராத்தா மட்டும் இங்கேயே மிச்சமானார். காலையில் ஒரு முன்பள்ளியில் படிப்பிப்பார். செவ்வாயும் வியாழனும் மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் கடைசி அறைக்கு வருவார். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களோடு உட்கார்ந்து கேட்பதற்கு அரசாங்கக் கடிதங்களில் உளவளத்துணை என்று பெயர். ராத்தா அந்தச் சொல்லைப் பாவிக்கமாட்டார். "ஒரு ஆள் வந்திரிக்கி, கேக்கணும்" என்பார். அவ்வளவுதான்.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம், எங்கள் வாயில் வருவது அக்கா. ஆனாலும் அவரை எல்லோரும் ராத்தா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவரைவிட எனக்கு ஆறேழு வயதுதான் குறைவு.

வியாழக்கிழமைகளில் உப்பளத்தில் வேலை செய்த வயதான ஒருவர் வருவார். கதவு சரியாகச் சாத்துப்படாது, அவருக்குக் காதும் மந்தம், அதனால் உரத்துப் பேசுவார். மன்னார்ப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்த வீட்டின் கிணற்றைப் பற்றியே பேசுவார். தண்ணீரின் ருசி, வாளியின் சத்தம், கிணற்றடி வாழை. அடுத்த வியாழனும் அதே கிணறு, அதே வாளி. பொறுக்க முடியாமல் ஒருநாள் ராத்தாவிடம் கேட்டுவிட்டேன்.

"ஒரே கதையத்தானே ராத்தா திருப்பித் திருப்பிச் சொல்லுறார். உங்களுக்கு அலுப்படிக்கேல்லையா?"

"ஒரே கதையில்ல தங்கச்சி," என்றார். "போன கிழம அந்தக் கிணத்தச் சுத்திக் கட்டு இருந்திச்சி. இந்தக் கிழம கட்டில்ல."

நான் விளங்காமல் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அந்த மனிதர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வந்தவர்கள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார். கட்டில்லாத அந்தக் கிணற்றில் அவருடைய தங்கை சின்ன வயதில் விழுந்திருக்கிறாள். பார்த்துக்கொள்ளச் சொல்லி உம்மா விட்டுப் போனது அவரிடம். ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை அன்று சொல்லியிருக்கிறார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ராத்தா உள்ளே தன் கதிரையிலேயே இருந்தார். அந்த மனிதர் திரும்பி உள்ளே வரக்கூடும் என்று இருந்திருக்கிறார். உண்மையில் அவர் உள்ளே திரும்பியும் போனார்.

இப்படிக் கேட்கிற ஒருவரோடு பழகுவது லேசு என்று நினைத்துவிடக் கூடாது. சில நேரம் பயமாகவும் இருக்கும். சும்மா "சுகமா?" என்று கேட்டுவிட்டு நின்றார் என்றால், உண்மையான பதில் வரும்வரை நிற்பார். அவருடைய தங்கை ஒருமுறை நிலையத்துக்கு வந்தபோது என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். "ஊரார்ட கதையெல்லாம் கேக்கிறா. தண்ட வாயால ஒரு கதை சொல்லமாட்டா. வாப்பா மவுத்தானதுக்கும் இவ அழுததை நாங்க காணல்ல."

அது உண்மைதான். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்கள் மன்னாரிலிருந்து வந்த கதையைக் கேட்டபோது எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: "வள்ளத்தில வந்தம். கற்பிட்டியில எறங்கினம்." நான் காத்திருந்து பார்த்தேன், அவர் மற்றவர்களிடம் காத்திருப்பதைப் போல. எனக்கு அந்தத் திறமை இல்லை. அவர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார்.

உளவளத்துணைக்கு ஒரு முதுமாணி வகுப்பு, எம்.ஏ. மாதிரி, தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். நான் கூட இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, இடம்பெயர்ந்தவர்கள் இருந்த ஒரு குடியிருப்பில் மருத்துவ முகாம் வைத்தார்கள். பதிவு எழுத ஆளில்லை என்று ராத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கொழும்பிலிருந்து ஒரு மனநல டொக்டர் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஓர் இளைஞனை எங்கிருந்தோ பிடித்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வள்ளத்தில் வரும்போது காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தை மடியிலேயே போனதையும், கரை வரும்வரை அதை யாருக்கும் சொல்லாமல் பால் கொடுப்பதுபோல் முந்தானையால் மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னாள். சொன்னால் கடலில் போடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. அரை மணித்தியாலம் சொன்னாள். பதிவுப் புத்தகத்தில் என் கை ஓடவில்லை.

அவள் முடித்ததும் டொக்டர் அந்த இளைஞனைப் பார்த்தார். அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு சிங்களத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னான். அவவுக்கு மனசுக்குக் கவலையாம், நித்திரை வருதில்லையாம். டொக்டர் தலையாட்டிவிட்டுக் குளிசை எழுதினார். அந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் சிங்களம் தெரியும். அவள் அந்த இளைஞனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ராத்தா வழமைக்கு மாறாகப் பேசினார்.

"அந்தப் பொடியன்ல பிழையில்ல தங்கச்சி. அவன் சின்னப் புள்ள. அவனுக்குத் தாங்க ஏலாமப் போச்சி."

"ஓம் ராத்தா."

"இந்தக் கரையில, ஊருக்கு ஒரு ஆள் வேணும். எங்கட பாசையில கேக்கத் தெரிஞ்ச ஆள். என்னப் போல ரெண்டு கிழமப் பயிற்சியில்ல. ஒழுங்காப் படிச்சி, பட்டம் எடுத்து, ஆஸ்பத்திரியில கதிர போட்டுக் குடுக்கிற மாதிரி."

அடுத்த செவ்வாய்க்கிழமையே எங்கள் பொறுப்பாளரிடம் போனார். அங்கிருந்து கொழும்புக்கு ஒரு கடிதம். பதில் இல்லை. இன்னொரு கடிதம். ஒன்றரை வருடம் எழுதினார். எல்லாக் கடிதத்தையும் நான்தான் தட்டெழுதிக் கொடுத்தேன். கடைசியில் நிறுவனத்தின் பணிப்பாளர் நேரில் வந்தார். தமிழர், கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். தமிழ் மொழியில் தொழில்சார் உளவளத்துணையில் முதுமாணிப் பட்டம், இரண்டு வருடம், சனி ஞாயிறு வகுப்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அங்கீகாரம் எடுத்துத் தரலாம் என்றார். ஆனால் இருபது பேராவது சேர வேண்டும், எல்லோரும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும்.

"மேடம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். கற்பிப்பவர்களின் பட்டியலில் ராத்தாவின் பெயரை எழுதுவதற்காகத்தான் கேட்டார்.

"நான் படிக்கல்ல சேர்."

"டிகிரி எந்த...?"

"கெம்பஸ் கிடைச்சது. கடிதமும் வந்ததாம். அது வரக்கொள்ள நாங்க வீட்டில இல்ல."

பணிப்பாளருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ராத்தா பேச்சை மாற்றினார். ஆட்களை நான் சேர்த்துத் தருகிறேன், என் பெயர் எங்கேயும் வராவிட்டாலும் பரவாயில்லை என்றார். அப்படித்தான் நடந்தது. அவர் தொடங்கிய வகுப்பில் அவரால் படிப்பிக்கவும் முடியாது, மாணவியாகச் சேரவும் முடியாது. 'இணைப்புதவியாளர்' என்று ஒரு பதவியை உண்டாக்கி வரவுப் பதிவு எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

ஆட்களைச் சேர்ப்பதற்காகக் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை அந்த மாரிக்காலம் முழுக்க அலைந்தார். ஒரு கொப்பித் தாளில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி, எதிரே ஆள் கிடைக்கக் கிடைக்கப் பெயர் எழுதுவார். ஆசிரியைகள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், ஒரு தாதி, மாதா கோயிலில் வேலை செய்த ஒரு கத்தோலிக்க இளைஞர், ஒரு மௌலவியின் மகள். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். நான் ராத்தாவைச் சந்தோஷமாகப் பார்த்தது அந்த இரண்டு மூன்று மாதம்தான்.

இந்த நேரத்தில்தான் வேறொரு பெண் வரத் தொடங்கினாள். களப்பிலுள்ள தீவொன்றிலிருந்து வருகிறவள். வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி வர வேண்டும். முப்பது வயது இருக்கும். முதல் நாள் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனாள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு வாய் பேசாதோ ராத்தா?" என்று கேட்டேன்.

"பேசும். இன்னம் வரல்ல. வரும்."

நான்காவது முறை அவள் வந்தது வகுப்பைத் தொடங்கிவைக்கும் அங்குரார்ப்பண விழா நாளில்.

எங்கள் பெரிய மண்டபத்தில் பதாகை கட்டி, கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போட்டு, மங்கள விளக்குக்குத் திரி வைத்திருந்தோம். பிரதம அதிதியாக ஓர் அரசியல்வாதி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் பிந்தினார். பதினொரு மணிக்கு அந்தப் பெண் படியேறி வந்தாள். இத்தனை கூட்டத்தைக் கண்டு திரும்பிப் போகப் பார்த்தாள். ராத்தா கண்டுவிட்டார். கையைப் பிடித்துக் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்திய பிறகு, கடிகாரம் கைப்பைக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணித்தியாலத்தில் அதிதி வந்துவிட்டார். மாலை போட்டார்கள். விளக்கேற்ற வேண்டும். பணிப்பாளர் என்னிடம் வந்து, "இந்த வகுப்புக்குக் காரணமே அந்த மேடம்தான். அவ விளக்கேத்தாம எப்பிடி? கூப்பிடுங்கோ," என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

நான் போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திரும்பி வந்து, கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அதிதிக்கு வேறு கூட்டம் இருக்கிறதாம். இரண்டாம் முறை தட்டினேன். மூன்றாம் முறை தட்டியதோடு கதவைத் திறந்துவிட்டேன்.

"ராத்தா, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். உங்களைத்தான் கேக்கினம்."

அந்தப் பெண் தலையைக் குனிந்திருந்தாள். ராத்தா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு பேர் வெளியே இருந்தார்கள். ஒன்றரை வருடக் கடிதங்கள். அவர் எழும்பினார்.

"பத்து நிமிஷம் இரிங்க புள்ள. ஓடி வந்திடுறன்."

விளக்கேற்றினார். பிறகு பேச்சுகள். வரவேற்புரை, தலைமையுரை, அதிதியின் உரை. அதிதி தன் தேர்தல் காலத்துக் கதைகளையெல்லாம் சொன்னார். ராத்தாவை முன்வரிசையில், நடுவில், எழும்ப முடியாத இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஒன்றரை மணி இருக்கும், அந்தப் பெண் என் மேசையடிக்கு வந்தாள்.

"மிஸ், நான் போறன். காத்து எழும்பினா வள்ளம் போகாது."

"இப்ப முடிஞ்சிடும், கொஞ்சம் இருங்கோ," என்றேன்.

"இல்ல மிஸ். பரவாயில்ல."

கூட்டம் முடிந்து ராத்தா ஓடி வந்தபோது அறை வெறுமையாக இருந்தது. கீழே பஸ் நிலையத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே வந்தவர்கள் சொன்னதை ஒருபோதும் வெளியே சொல்லாதவர், அன்று மட்டும் சொன்னார்.

"'வீட்டுக்குள்ள' எண்டு தொடங்கினா. அந்த ஒரு சொல்லுத்தான். அப்பத்தான் கதவு திறந்திச்சி."

என்னை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் அடுத்த கிழமை வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. மூன்றாம் கிழமை நானும் ராத்தாவும் கற்பிட்டியில் வள்ளம் பிடித்து அந்தத் தீவுக்குப் போனோம். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தென்னோலை வேலி, முற்றத்தில் கருவாடு காய்ந்தது. வாசலில் அவளுடைய கணவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். உள்ளே மாமியார். பெண் எங்களைக் கண்டதும் முகம் வெளிறி, பிறகு சிரித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில பழக்கம்," என்று கணவனிடம் சொன்னாள். எங்களுக்குக் கதிரை போட்டாள். பிளேன்டீயும் பிஸ்கட்டும் தந்தாள்.

"சுகமா புள்ள?" என்று ராத்தா கேட்டார்.

"சுகம் ராத்தா. அண்டைக்குத் தலையிடி. அதுக்குத்தான் வந்தனான். இப்ப ஒண்டுமில்ல."

ராத்தா காத்திருந்தார். கணவனின் ஊசி வலைக்குள் போய்ப் போய் வந்தது. அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. மாமியார் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். இரண்டு மணித்தியாலம் அப்படி இருந்திருப்போம். வள்ளக்காரர் வேலிக்கு வெளியே நின்று, காற்று மாறுகிறது, இப்போது எழும்பாவிட்டால் இன்றைக்குப் போக ஏலாது என்று சத்தம் போட்டார். ராத்தா எழும்ப வேண்டியதாயிற்று.

வேலிவரை அந்தப் பெண் கூட வந்தாள். ராத்தா மெதுவாகச் சொன்னார்: "எப்ப எண்டாலும் வாங்க. நான் எங்கயும் எழும்பிப் போக மாட்டன்."

"இனி வர மாட்டன் ராத்தா," என்றாள். கோபமே இல்லாத குரல். "ஒருக்காத்தான் வாய் வந்திச்சி."

அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. சில மாதம் கழித்து வள்ளக்காரரை விசாரித்தபோது, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

வகுப்பு நடந்தது. முதல் தவணை நன்றாகவே நடந்தது. கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர்கள் திரையில் ஆங்கிலத்தில் காட்டியதையெல்லாம் ராத்தா அகராதியை வைத்துக்கொண்டு தமிழில் எழுதி, அடுத்த சனிக்கிழமைக்குள் எனக்குத் தருவார். நான் பிரதி எடுத்துக் கொடுப்பேன். பின்வரிசையில் வரவுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார். ஒருநாள் செயல்முறைப் பயிற்சி. மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சொல்ல ஒருவர் கேட்க வேண்டும். விரிவுரையாளர் கைத்தொலைபேசியில் பதினைந்து நிமிடத்துக்கு மணி வைத்தார். மணி அடித்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டு எழும்பினார்கள். தாதியாக இருந்த பெண் மட்டும் எழும்பவில்லை. அவளுடைய சோடி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அன்று போகும்போது ராத்தா அந்தத் தாதியின் பெயரை என்னிடம் இரண்டு முறை சொன்னார். "அந்தப் புள்ள நல்லா வருவா. அவ ஒரு ஆள் போதும்."

அங்கீகாரக் கடிதம் வரவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திடமிருந்து வரும், வரும் என்றார்கள். ஆசிரியர்கள் சிலர் வலயக் கல்விக் காரியாலயத்தில் விசாரித்திருக்கிறார்கள். இந்தப் பட்டம் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்கப்படாது என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டாம் தவணையில் பதினொரு பேர். வந்தவர்கள் குறையக் குறைய, வருகிற விரிவுரையாளர்களும் குறைந்தார்கள். சில சனிக்கிழமைகளில் மாணவர்கள் வந்து, விரிவுரையாளர் வராமல், மத்தியானம் வரை இருந்துவிட்டுப் போவார்கள். ராத்தா வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டவர்களின் வீடுகளுக்குப் போனார். கதவைத் திறந்தவர்கள் மரியாதையாக உட்கார வைத்து, தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள். ராத்தா முழுக்கக் கேட்டார். மறுத்துப் பேச அவருக்கு வராது. கேட்டுவிட்டு, "விளங்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். அவரால் யாரையும் வற்புறுத்த முடியாமல் போனது அந்தக் குணத்தால்தான் என்று எனக்கு அப்போது ஆத்திரமாக வந்தது.

தாதி கடைசிவரை வந்தாள். பிறகு அவளுக்கு அனுராதபுரத்துக்கு இடமாற்றம் வந்தது. அந்தச் சனிக்கிழமை நான்கு பேர் இருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்த கடிதம் அரைப் பக்கம். போதிய மாணவர் இன்மையால் பாடநெறி நிறுத்தப்படுகிறது. புத்தளம் நிலையமும் மாத முடிவோடு மூடப்படும். மாணவர்கள் ஒப்படைத்த மூலச் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கவும்.

கடைசி நாள் நானும் ராத்தாவும்தான். கதிரைகளையும் மேசைகளையும் லொறியில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு கதிரை மட்டும் நாங்கள் உட்காருவதற்காக விட்டிருந்தார்கள். சான்றிதழ்களை ஒவ்வொரு கடித உறையிலும் போட்டு ஒட்டினோம். காலையில் சிலர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். படியில் நின்றபடியே வாங்கினார்கள். பதினொரு மணிக்குப் பிறகு யாரும் வரவில்லை. ராத்தா மன்னாருக்குப் போவதாக இருந்தார். வாப்பாவின் காணியைத் துப்புரவாக்கித் தம்பி ஒரு கொட்டில் போட்டிருக்கிறானாம். முன்பள்ளி வேலையையும் விட்டுவிட்டார்.

இவ்வளவு நேரமும் என் தம்பியைப் பற்றி நான் சொல்லவில்லை. ராத்தாவிடமும் சொன்னதில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வள்ளங்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவனும் ஏறினான். அறுபது பேர் ஏறிய வள்ளம் என்றார்கள். அதற்குப் பிறகு எந்த நாட்டிலிருந்தும் ஒரு செய்தியும் இல்லை. போக வேண்டாம் என்று அம்மா காலைப் பிடித்துக் கேட்டார். போகட்டும் என்று சொன்னது நான். என் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்ததும் நான். அம்மாவுக்கு அது இன்றுவரை தெரியாது. இந்த மாவட்டத்திலேயே கேட்கத் தெரிந்த மனுசிக்குப் பத்தடி தூரத்தில் நாலு வருடம் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். அந்தக் கதவை மூன்று முறை தட்டிய பிறகு, எனக்கு அந்தக் கதிரையில் உட்கார உரிமை இல்லை என்றும் நினைத்திருக்கிறேன்.

அன்று உட்கார்ந்திருந்தேன். எங்களைத் தவிர யாருமில்லை.

"ராத்தா," என்றேன். "எனக்கொரு தம்பி இருந்தவன்."

ராத்தாவின் முகம் மாறியது. அவர் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். ஆறுதலுக்குப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். நிறுத்தச் சொல்லிப் பிடித்திருக்கிறார்.

"வேணாம் தங்கச்சி," என்றார். "என்னட்டச் சொல்லாதீங்க."

நான் அவரையே பார்த்தேன்.

"என்னால இனிக் கேக்க ஏலாது. நெறஞ்சி போச்சி. நீங்க சொல்லுவீங்க, நான் இருப்பன், ஆனா எனக்குக் கேக்காது. அது உங்களுக்குச் செய்யிற துரோகம்." அவர் என் கையை விட்டார். "மன்னிச்சிக்கங்க."

"பரவாயில்ல ராத்தா," என்றேன்.

அவர் அழுதார். வாப்பாவின் மவுத்துக்கு அழாதவர் என்று தங்கை சொன்ன அந்த மனுசி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், யார் கண்டது, சொல்லியிருப்பார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மிச்சமிருந்த உறைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மத்தியானம் கதவைப் பூட்டித் திறப்பைக் கீழே ஹாட்வெயார்காரரிடம் கொடுத்தோம். மன்னார் பஸ் நின்றுகொண்டிருந்தது. ராத்தா ஏறி யன்னல் பக்கம் உட்கார்ந்தார். கையசைத்தார். நானும் அசைத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. இரண்டொரு பெருநாளைக்குக் கைத்தொலைபேசியில் எடுத்துப் பார்த்தேன். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

அன்று நான் மாம்புரியில் இறங்கும்போது இரண்டு மணிகூட ஆகவில்லை. நல்ல வெயில். அம்மா மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவர், கையால் கண்ணை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை இண்டைக்கு வெள்ளன வந்திட்டாய்?"

"வேலை முடிஞ்சுது அம்மா."

அவர் அதை அன்றைய வேலை என்று நினைத்துக்கொண்டு, வாளியை வைத்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.